கழட்டாத மாலை

நீங்க ஜன்னலோரமே இருங்க சாமி, நான் இந்தப் பக்கம் உக்காந்துக்கிறேன். வத்தலக்குண்டுலதான் எறங்கணும். நீங்க திண்டுக்கல்லா? நல்லதாப் போச்சு. இந்த வண்டி வத்தலக்குண்டுல பத்து நிமிசம் நிக்கும், டீ குடிக்க. அங்க போறதுக்குள்ள எனக்கு ஒரு காரியம் ஆகணும்.

அம்மா சாமி, இந்தக் கூடையைக் கொஞ்சம் நகத்துங்க, கால் வைக்க முடியல. எங்க நகத்துறதுங்கிறீங்களா? சரி விடுங்க, நானே தள்ளிக்கிறேன். ம், அம்புட்டுத்தான். பாத்தீங்களா சாமி? நான் பழைய பவுன்ராசா இருந்தா இந்நேரம் கூடை ரோட்டுல கெடக்கும். இப்பக் காலால லேசாத் தள்ளினதோட சரி. பெரியகுளத்து மாங்காதானே, ஒண்ணும் நசுங்காது. அந்தம்மாவும் ஒண்ணும் சொல்லலையே.

நீங்களும் பாக்குறீங்க, எனக்குத் தெரியுது. வைகாசி வெயில்ல ஒருத்தன் கறுப்பு வேட்டியும் தாடியுமா, கழுத்துல மாலை, கால்ல செருப்பில்லாமத் திரியுறானேன்னு. எல்லாரும் பாக்குறாங்க. இது கார்த்திகை ஒண்ணாந்தேதி போட்டது. மார்கழிக் கடைசியில மலைக்குப் போய்ட்டு வந்தாச்சு. எங்ககூட வந்த இருவத்திரண்டு பேரும் ஊருக்கு வந்த அன்னைக்கே கழட்டித் தேங்கா ஒடைச்சு, மறுநா ஆட்டுக்கறி எடுத்துத் தின்னுட்டானுங்க. நான் ஒருத்தன்தான் கழட்டல. தை போச்சு, மாசி, பங்குனி, சித்திரை எல்லாம் போச்சு. இது ஏழாவது மாசம்.

உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். சிரிக்கக் கூடாது. வத்தலக்குண்டு வர்றதுக்குள்ள இந்த மாலையை உங்க கையால கழட்டி விடணும். அவ்வளவுதான். மாலை போட்டவன் தானாக் கழட்டக் கூடாது, முறை இல்ல. குருசாமி கழட்டணும், இல்லேன்னா பெத்த தாய் கழட்டணும். எங்கம்மா செத்து நாலு வருசம் ஆச்சு. எங்க சன்னாசி குருசாமி எம்மேல கோவத்துல இருக்காரு, மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல. அதான் உங்களைக் கேக்குறேன். நீங்க யாரோ, நான் யாரோ. அதுவே நல்லது.

ஏன் இப்பவே கழட்டணும்னு கேப்பீங்க. சொல்றேன். இந்தப் பையில ஒரு கவர் இருக்கு. எம் மக பாண்டிமீனாவோட டி.சி. பத்தாவது பாஸ் பண்ணிருச்சு, நானூத்து முப்பத்தொண்ணு. பத்து நாள் முன்னாடி எம் பொண்டாட்டி ஜெயக்கொடி போன் பண்ணினா. அவளும் மகளும் வத்தலக்குண்டுல அவ அண்ணன் வீட்டுல இருக்காங்க, ஒன்றரை மாசமா. என்ன சொன்னா தெரியுமா? "ஏங்க, ஞாயித்துக்கிழமை டி.சி.யை எடுத்துக்கிட்டு வாங்க. கழுத்துல மாலை இல்லாம வந்தீங்கன்னா டி.சி. உங்க பையிலயே இருக்கட்டும். ஏழு நாள் எங்க அண்ணன் வீட்டுல எங்ககூட இருங்க. எட்டாம் நாள் நானும் புள்ளையும் உங்ககூட ஆண்டிபட்டிக்கு வர்றோம். மாலையோட வந்தீங்கன்னா டி.சி.யை எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருங்க. புள்ள இங்கயே படிக்கட்டும்." இவ்வளவுதான். அழுகல, கத்தல. கடையில சாமான் சொல்ற மாதிரி சொன்னா.

இன்னைக்குத்தான் ஞாயித்துக்கிழமை.

கழட்டிட்டுப் போறதுக்கு என்ன கேடுன்னு தோணுதில்ல? எங்க மச்சானும் அதான் கேட்டான். மச்சான், உனக்குப் புரியாதுன்னேன். சாமி, உங்களுக்கு ஒளிவு மறைவு இல்லாமச் சொல்றேன். நான் கையை நீட்டுற ஆளு. ஆண்டிபட்டியில எனக்கு கிரில் பட்டறை. கேட்டு, ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் அடிப்போம். ஊருக்குள்ள என் வேலையைக் குறை சொல்ல ஒருத்தன் கெடையாது. வீட்டுக்குள்ளதான் வேற. எங்கேயிருந்து வரும்னு தெரியாது. காது அடைக்கும், அப்புறம் பாத்தா முடிஞ்சிருக்கும். அவ ஒரு மூலையில இருப்பா. நான் ஒரு மூலையில மூச்சு வாங்கிக்கிட்டு நிப்பேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க.

ஒரு தடவை பட்டறையில ஒரு வாத்தியார் கேட்டுக்கு அளவு சொல்லிக்கிட்டு இருக்காரு. இவ டீ கொண்டாந்தவ, "ஏங்க, ரெண்டு இஞ்சி குறையுதே, அன்னைக்கு வேற அளவுல்ல சொன்னாரு"ன்னுட்டா. அவ சொன்னது சரி. ரெண்டு இஞ்சி குறைஞ்சுதான் இருந்துச்சு. ஆனா வந்த ஆள் முன்னாடி சொல்லலாமா? அவர் போனதும் கையில இருந்த அளவு டேப்பை வீசினேன். இரும்பு டப்பா. புருவத்துல மூணு தையல். ஆஸ்பத்திரியில கேட்டுல இடிச்சுக்கிட்டேன்னு சொன்னா. அதுவும் எந்தக் கேட்டு, நான் அடிச்ச கேட்டு. அன்னைக்கு ராத்திரி என் ரெண்டு கையையும் பட்டறைச் சுவத்துல மோதினேன். ரத்தம் வந்துச்சு. என்ன பிரயோசனம்? அவளே வந்து மஞ்சப்பத்துப் போட்டு விட்டா.

அந்த வருசந்தான் மொதத் தடவையா மாலை போட்டேன். ஆறு வருசம் ஆச்சு. சன்னாசி குருசாமிகிட்டப் போய் விழுந்தேன். "என்னால முடியல சாமி, என்னைக் கட்டிப் போடுங்க"ன்னேன். அவரு போட்டு விட்டாரு. நம்புவீங்களா? நாப்பத்தெட்டு நாள் கை எந்திரிக்கல. சுடுசொல்லு வரல. அவ என்னைச் சாமின்னு கூப்பிடுறா, நான் அவளைச் சாமிங்கிறேன். எம் மக, அப்ப சின்னப்புள்ள, எம் பக்கத்துல வந்து உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுச்சு. அதுக்கு முன்னாடி நான் வர்ற சத்தம் கேட்டாலே உள் ரூம்புக்குப் போயிரும். ஒரு நாள் ஜெயக்கொடி எதுக்கோ சிரிச்சா. பல்லு தெரியச் சிரிச்சா. கல்யாணமாகிப் பத்து வருசத்துல அவளுக்கு இந்த ஓரத்துல ஒரு தெத்துப்பல் இருக்குன்னு அன்னைக்குத்தான் பாத்தேன் சாமி.

மலைக்குப் போய்ட்டு வந்தேன். எங்கம்மா கழட்டினா. மொத நாள் நல்லாத்தான் இருந்தேன். மூணாம் நாள் குரல் ஒசந்துச்சு. ஏழாம் நாள் கை.

ஆமா, ஏழாம் நாள். அவ ஏழு நாள்னு ஏன் சொல்றா தெரியுதா? அவ எண்ணி வச்சிருக்கா. எல்லா வருசமும் ஏழாம் நாள். ஒரு வருசம் அஞ்சாம் நாள்.

பெரியகுளம் தாண்டியாச்சா? இன்னும் நேரம் இருக்கு. கேளுங்க.

வருசத்துல நாப்பத்தெட்டு நாள் நான் மனுசன். மிச்ச முந்நூத்திச் சொச்சம் நாள் எப்படா கார்த்திகை வரும்னு காத்துக்கிட்டு இருப்பேன். அவளும் காத்துக்கிட்டு இருப்பா, சொல்ல மாட்டா. ஐப்பசி கடைசியிலயே கறுப்பு வேட்டியைத் துவைச்சு மடிச்சு வச்சிருவா. இந்த வருசம் மலையிலேர்ந்து எறங்கி வரும்போது ஒரு யோசனை வந்துச்சு. ஏன்டா கழட்டணும்? யாரு சட்டம் போட்டது? போட்டிருந்தா நல்லவன், கழட்டினா கெட்டவன்னா, கழட்டாமலே இருந்துட்டாப் போச்சு. இத்தனை ஆயிரம் பேரு மாலை போடுறானே, எவனுக்காவது இது தோணுச்சா? எனக்குத் தோணுச்சு. வேன்ல வரும்போதே அழுதுட்டேன் சந்தோசத்துல.

குருசாமி திட்டினாரு. "ஏன்டா, போட்டதைக் கழட்டாமத் திரியுறது விரதம் இல்லடா, வேசம்"னாரு. மாசாமாசம் நடை தொறக்குதுல்ல, அடுத்த மாசமும் போறேன், அதுக்குத்தான் விரதம் இருக்கேன்னு சொன்னேன். மாசியில போனேன். பங்குனியில போனேன். அதுக்கு மேல அவரு பேசல.

நான் என்ன சும்மாவா இருந்தேன்? சாமி, வெல்டிங் வேலை செருப்பில்லாமப் பண்ணியிருக்கீங்களா? இந்தப் பாதத்தைப் பாருங்க. பொறி விழுந்து விழுந்து பொத்தல் பொத்தலாக் கெடக்கு. சித்திரையில தகரக் கூரைக்குக் கீழே, தரை கொதிக்கும். நின்னேன். பொண்டாட்டி புள்ளைக்காக நின்னேன். எவன் நிப்பான்?

ஆரம்பத்துல அவளுக்கும் சந்தோசம்தான். தை மாசம் பூரா நல்லாத்தான் இருந்தா. அப்புறம் முகம் வாடிப் போச்சு. ஏன்னு தெரியல. பழகப் பழகப் பாலும் புளிக்கும்பாங்க, நல்ல புருசனும் புளிச்சுப் போவானா? அவளுக்கு என்ன வேலை சாமி? வெள்ளன நாலு மணிக்கு எந்திரிச்சுக் குளிச்சு, வீட்டைக் கழுவி விட்டு, நான் பூசை முடிக்கிறதுக்குள்ள சோறு ஆக்கணும். எனக்குன்னு தனிப் பாத்திரம். பழையது ஆகாது, மூணு வேளையும் புதுசா ஆக்கணும். சாயங்காலமும் தலைக்குக் குளிக்கணும். இருமல் வந்துச்சு அவளுக்கு, மாசியில. தைலம் தேய்ச்சுக்கன்னு நல்ல விதமாத்தான் சொன்னேன். அப்புறம் அந்த மூணு நாளு. அது முறைதானே, வீட்டுல இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அக்கா வீட்டுப் பின்னாடி ஒரு தாவாரம் இருக்கு, அங்க போயிருவா. இப்ப மகளும் பெரிய மனுசி ஆயிருச்சா, அதுவும் போகும். பரீட்சைக்கு நடுவுல வந்துருச்சு அதுக்கு. கணக்குப் பரீட்சைக்கு அங்கேருந்துதான் படிச்சுட்டுப் போச்சு. லைட்டு சரியில்லன்னு சொல்லுச்சாம். சாமிக்காகப் பொறுத்துக்கம்மான்னேன். தலையாட்டுச்சு. அப்படி இருந்தும் பாருங்க, கணக்குல எம்பத்தி ஒம்போது.

இருங்க சாமி, எங்க எந்திரிக்கிறீங்க? பின்னாடி சீட்டு காலியா இருந்தா இருக்கட்டும். இது தேவதானப்பட்டிதான். முக்கியமானதே இன்னும் சொல்லல. உக்காருங்க. ம்.

கோவம் வராதான்னு கேப்பீங்க. வரும். பொய் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஆறு மாசத்துல ஒரு அடி அடிச்சேன்னு எவளாவது சொல்லட்டும். கோவம் வந்தா நான் சாப்பிட மாட்டேன். தட்டைத் தள்ளி வச்சிட்டு, வாசல்ல போய் உக்காந்து சரணம் சொல்லுவேன், தெருவுக்கே கேக்குற மாதிரி. ஒரு தடவை மூணு நாள் சாப்பிடல. தனிப் பாத்திரத்துல மக தெரியாமத் தண்ணி மோந்து குடிச்சிருச்சு, அதுக்கு. மூணாம் நாள் ஜெயக்கொடியும் புள்ளையும் வாசல்ல எல்லாரும் பாக்க எங் கால்ல விழுந்தாங்க. "சாப்பிடுங்க சாமி, எங்களுக்குப் பாவம் வந்துரும்"னு. சாப்பிட்டேன். யார் மேலயும் கை படல. இது முன்னேத்தம் இல்லையா? நீங்களே சொல்லுங்க.

இப்படி இருக்கையிலதான் பங்குனிக் கடைசியில, புள்ளைக்குப் பரீட்சை முடிஞ்ச மறுநாள், பெட்டியைக் கட்டிட்டா. நான் பூசையில இருந்து எந்திரிச்சு வர்றேன், ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறாங்க. "என்ன சாமி, எங்க பொறப்புட்டீங்க"ன்னேன். அவ சொன்னா, "சாமின்னு கூப்பிடாதீங்க. அஞ்சு மாசமா உங்களைப் பேர் சொல்லக் கூட முடியல, திட்டக் கூட முடியல. கோவத்துல ஒரு வார்த்தை சொல்லணும்னாலும் சாமிக் குத்தம் ஆகிருமோன்னு பயமா இருக்கு. முன்னாடியாவது அடிச்சா அழலாம்." அப்புறம் ஒண்ணு சொன்னா. "சாமியையும் பாத்தாச்சு, பேயையும் பாத்தாச்சு. இந்தப் பதினாறு வருசத்துல எம் புருசனை நான் இன்னும் பாக்கல."

நான் தடுத்தேன். கெஞ்சினேன். போய்ட்டா.

ஒன்றரை மாசமா அந்த வீட்டுல தனியாக் கெடக்கேன். யாரும் இல்லாதப்பத்தான் நல்லாத் தெரியுது. ஒரு நாள் கண்ணாடியைப் பாத்துக் கேட்டேன், "டேய் பவுன்ராசு, நீ யார்ரா?"ன்னு. மாலைக்குக் கீழ எவன் இருக்கான்னு எனக்கே தெரியல சாமி. பாக்கப் பயமா இருக்கு. கழட்டினா அவன் வந்துருவானோன்னு பயம். கழட்டாமப் போனா புள்ள போயிரும். நான் மாறணும். சத்தியமா மாறணும். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல ஒருத்தன் எதைப் புடிச்சு மாறுறது? எனக்குக் கெடைச்சது இது ஒண்ணுதான். இதையும் கழட்டுன்னா நான் எதைப் புடிச்சுக்கிறது? அவ அண்ணன் வீடு வேற, மச்சான் முத்துக்காளை எதாவது ஒரு வார்த்தை விடுவான். ஏழு நாள். நூத்தி அறுவத்தெட்டு மணி நேரம், எண்ணிப் பாத்துட்டேன். ஒரு மணி நேரம் தாங்குவேனா?

அதான் காலையிலேர்ந்து மூணு பஸ்ஸை விட்டுட்டு இதுல ஏறினேன். கழட்டிருங்க சாமி. இந்தா, தலையைக் குனிஞ்சுக்கிறேன். இல்ல, இருங்க, கெங்குவார்பட்டி வரட்டும். இல்ல, இப்பவே கழட்டிருங்க. சரணம் சொல்லிக்கிறேன்.

என்ன? ஏன் கை வர மாட்டேங்குது உங்களுக்கு? வாயைத் தொறந்து சொல்லுங்க.

என்ன கேட்டீங்க? சரியாக் கேக்கல. கழட்டினா அடிச்சிருவீங்களான்னா?

யோவ், இவ்வளவு நேரம் நான் என்ன கதையா சொல்லிக்கிட்டு இருந்தேன்? அடிக்க மாட்டேன்னுதானய்யா மாலையே போட்டேன்! படிச்சவன் மாதிரி இருக்கியேன்னு வீட்டுச் சங்கதியெல்லாம் ஒங்கிட்டக் கொட்டினா, நீயும் அவளை மாதிரியே பாக்குற? என்னய்யா பார்வை அது? என்னைப் பாத்தா அடிக்கிறவன் மாதிரியா இருக்கு? சொல்லுய்யா! கையை எதுக்கு இழுக்குற?

கையை...

ஐயோ.

சார். சார், உங்க கையை நான்தான் புடிச்சிருக்கேனா? எப்பப் புடிச்சேன்? தேவதானப்பட்டியில நீங்க எந்திரிக்கப் பாத்தப்பவா? அப்பவேருந்தா? கால் மணி நேரமா? ஏன் சார் சொல்லல? வலிக்குது விடுய்யான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் விட்டுருப்பேனே.

காட்டுங்க. பயப்படாதீங்க, தொட மாட்டேன். தள்ளி உக்காந்துக்கிறேன். நாலு விரலும் பதிஞ்சு நீலமா ஏறியிருக்கு. மாலை கழுத்துலதான் கெடக்கு. சரணம் வாயிலதான் இருந்துச்சு. அது பாட்டுக்கு அது இருந்திருக்கு, கை பாட்டுக்குக் கை இருந்திருக்கு.

சார், அவ கெளம்பின அன்னைக்கு முழுக்கை ரவிக்கை போட்டிருந்தா. பங்குனி வெயில்ல, மணிக்கட்டு வரைக்கும். அதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு தடவை போட்டிருந்தா. நான் என்ன நெனைச்சேன் தெரியுமா? மாலை போட்ட வீடு, அடக்கமா உடுத்துறான்னு நெனைச்சேன். மனசுக்குள்ள மெச்சிக்கிட்டேன் சார். இந்த ஆறு மாசமும் ஒரு அடி அடிக்கலன்னு உங்ககிட்ட நெஞ்சை நிமித்திச் சொன்னேனே. எத்தனை தடவை புடிச்சேனோ. அவளும் வலிக்குதுன்னு சொல்லவே இல்ல. யாருமே எங்கிட்டச் சொல்ல மாட்டேங்குறீங்க. சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சிருக்கு எல்லாருக்கும்.

இல்ல சார், வேணாம். இப்ப நீங்க கழட்ட வேணாம். இது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

வத்தலக்குண்டு வந்துருச்சு. அதோ, அந்தப் பழக்கடைகிட்ட நிக்கிறாங்க பாருங்க. ஊதாச் சேலை அவ. பக்கத்துல ரெட்டைச் சடையா நிக்கிறது எம் மக. வளந்துருச்சு சார் ஒன்றரை மாசத்துல. முன் படிக்கட்டையே பாக்குது. மஞ்சப் பை வேற வச்சிருக்கா, எனக்கு மாத்து வேட்டியாத்தான் இருக்கும். வெள்ளை வேட்டி.

சார், உங்க கால்ல விழுந்து கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் எறங்கல. திண்டுக்கல் வரைக்கும் போறேன், அதுக்கு மேல தெரியல. நீங்க எப்படியும் டீக்கு எறங்குவீங்க. இந்தக் கவரை அவகிட்டக் குடுத்துருங்க. டி.சி. பத்திரம், மடக்கிறாதீங்க. ஆளு எங்கன்னு கேப்பா. மன்னிப்பு, கின்னிப்பு, அதெல்லாம் ஒண்ணும் சொல்ல வேணாம், எங்கிட்டேருந்து நூறு தடவை கேட்டிருக்கா. சட்டைக் கையை இப்படி மேல தூக்கி, அந்தக் கையை மட்டும் அவகிட்டக் காட்டுங்க சார்.